‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? சேலத்து மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருப்பவர்கள், ஏற்காட்டு விடுதிகளில் வேலை பார்ப்பவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள். பெரிய பெரிய ஆங்கிலச் சொல்லைக் கூட மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மூன்றே எழுத்துள்ள ‘ரன்’ வந்தால்தான் சந்தேகம் வரிசை கட்டி நிற்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அது தப்பா?

தப்பில்லை, அங்கேயே நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். தமிழில் நாம் ‘ஓடு’ என்ற சொல்லை எப்படியெல்லாம் பேசுகிறோம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பஸ் ஓடுகிறது, தறி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, படம் ஓடுகிறது. இதில் எதற்காவது கால் இருக்கிறதா? இந்த ஐந்து இடத்திலும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போடலாம். அதாவது, இந்தச் சொல்லின் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பழைய ஆங்கிலத்திலேயே மனிதர் ஓடுவதற்கும் நீர் ஓடுவதற்கும் இதே சொல்தான் இருந்தது.

நான் வகுப்பில் சொல்வது இதுதான்: ‘ரன்’ என்ற சொல்லில் வேகத்தைத் தேடாதீர்கள், அறுபடாமல் தொடர்வதைத் தேடுங்கள். நிற்காமல், துண்டுபடாமல் போய்க்கொண்டே இருக்கிற எதற்கும் ஆங்கிலம் ‘ரன்’ போடும். தமிழ் அதில் சிலவற்றுக்கு ‘ஓடு’ போடும், சிலவற்றுக்கு ‘போ’, ‘நட’, ‘ஒழுகு’, ‘தீர்’ என்று ஆளை மாற்றும். எங்கே மாற்றுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் பாடம்.

உண்மையிலேயே இதற்கு எத்தனை பொருள் இருக்கிறது?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தியவர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், வினைச்சொல்லாக மட்டும் ‘ரன்’னுக்கு 645 பொருள்களைப் பிரித்தெழுதினார். அந்த ஒரு சொல்லை முடிக்க அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் மிக நீளமான பதிவு. அதை ‘ரன்’ பின்னால் தள்ளிவிட்டது. பயப்பட வேண்டாம், தினப்படிப் பேச்சுக்கு இருபது பொருள் போதும்.

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். ‘ஐ ரன் எ டாக்ஸி’ என்று சொன்னால் சரியா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு தம்பி, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப் போகிற டிரைவர். விடுதி ஒன்றில் டிரைவர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனார். ‘ஐ ஆம் ரன்னிங் டாக்ஸி ஃபார் ஏற்காடு’ என்றார். எதிரே இருந்தவர், “எத்தனை வண்டி வைத்திருக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவருக்குப் புரியவில்லை. “ஒன் கார் சார், ஓனர் கார்” என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டதாம். அன்று சாயங்காலம் வகுப்புக்கு வந்து, “நான் சரியாத்தானே சார் சொன்னேன்? ஓட்டுறதுன்னா ரன் தானே?” என்று கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பாடத்தை முன்பே நடத்தியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். தமிழில் ‘ஓடு’, ‘ஓட்டு’ என்று இரண்டு வடிவம் இருக்கிறது. வண்டி ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’ ஒன்றுதான். ஆனால் வாகனத்தைப் பொறுத்தவரை ‘ரன்’ போட்டால் அந்த வண்டியை வைத்துத் தொழில் நடத்துகிறவர், அதாவது முதலாளி என்று பொருள் போய்விடும். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு ‘டிரைவ்’. சைக்கிளும் பைக்கும் என்றால் ‘ரைட்’, விமானம் என்றால் ‘ஃப்ளை’. ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு ஓட்டினால் ‘ரோ’, மிதிக்கிற படகு என்றால் ‘பெடல்’. நம்முடைய ஒரே ‘ஓட்டு’ அங்கே ஐந்தாகப் பிரிகிறது.

தறிக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இயந்திரம் எதுவானாலும் அதை இயக்குகிறவர் ‘ரன்’ போடலாம். நாலு தறி ஓட்டுகிற அம்மா ‘ஐ ரன் ஃபோர் லூம்ஸ்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

நடத்துவது என்ற பொருளுக்கு நம்ம ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்றும் நிற்கிறதே, அந்த ஸ்டூடியோவை 1930-களில் தொடங்கி நடத்தியவர் டி.ஆர். சுந்தரம். ‘ஹி ரேன் எ ஸ்டூடியோ’ என்றால் ஸ்டூடியோ நடத்தினார். ‘ஹிஸ் ஃபிலிம்ஸ் ரேன் ஃபார் வீக்ஸ்’ என்றால் அவர் படங்கள் வாரக்கணக்கில் ஓடின. முதல் ‘ரேன்’ நடத்தியது, இரண்டாவது ஓடியது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

‘ஓடும் பஸ்ஸில் ஏறாதீர்கள்’ என்பதை ‘ரன்னிங் பஸ்’ என்று எழுதலாமா?

நம் நாட்டில் பலர் எழுதுகிறார்கள். ஆனால் ‘மூவிங் பஸ்’ என்பதுதான் பொதுவாக எங்கும் புரிகிற வழக்கு. பஸ் விஷயத்தில் ‘ரன்’ என்பது பெரும்பாலும் போக்குவரத்து இருக்கிறதா, இல்லையா என்பதைச் சொல்வது. ‘டஸ் திஸ் பஸ் ரன் ஆன் சண்டேஸ்?’ என்று புது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கேட்கலாம். அப்போது பஸ் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். பரவாயில்லை, கேள்வி அட்டவணையைப் பற்றியது.

ரயிலில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போவதில்லை. ஈரோட்டுக்கும் சென்னைக்கும் நடுவே சேலம் வழியாக ஓடுகிறது. ‘இட் ரன்ஸ் பிட்வீன் ஈரோடு அண்ட் சென்னை’. வர நேரமானால் ‘இட் இஸ் ரன்னிங் லேட்’ என்பார்கள். வண்டி எங்கோ சிக்னலில் நின்றுகொண்டிருந்தாலும் ‘ரன்னிங் லேட்’தான். மனிதருக்கும் இது பொருந்தும். வகுப்புக்கு வர நேரமாகிறது என்றால் ‘சார், ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும், வீட்டில் உட்கார்ந்தபடியே அனுப்பினாலும் இலக்கணம் சரிதான்.

ரோடு எப்படி ஓடும்? பாடப்புத்தகத்தில் ‘தி ரோட் ரன்ஸ் அப் தி ஹில்’ என்று இருக்கிறதே?

நாம் “இந்த ரோடு எங்கே போகுது?” என்று கேட்பதில்லையா? ரோடு போகவா செய்கிறது? கண் அதன் மேல் போகிறது, அதனால் ரோடே போவதாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘போகுது’க்கு ‘ரன்ஸ்’. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறுகிற சாலையை ‘தி ரோட் ரன்ஸ் ஃப்ரம் அடிவாரம் டு ஏற்காடு’ என்று எழுதலாம். சுவர், வேலி, மின்கம்பி, மலைத்தொடர் எல்லாவற்றுக்கும் இப்படியே.

ஆற்றுக்கு மட்டும் ‘ரன்’ போட்டால் இரண்டு பொருளும் சேர்ந்து வரும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் ஊருக்குள் புகுந்து காவிரியில் போய்ச் சேர்கிற திருமணிமுத்தாறு ‘ரன்ஸ் த்ரூ சேலம்’. நீர் ஓடுவதையும் அது சொல்லும், ஆறு போகும் வழியையும் சொல்லும்.

சேலைக் கடையில் ‘ரன்னிங் ப்ளவுஸ்’ என்கிறார்களே, அது என்ன ‘ரன்’?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்டவர் இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிற ஒரு அக்கா. நாள் முழுக்க “இதுக்கு ரன்னிங் ப்ளவுஸ் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று யோசித்ததே இல்லையாம்.

சேலையை அவர் மேசை மேல் விரித்தார். முந்தானை, உடல், அப்புறம் கடைசியில் ஒரு கோடு போல இடம் விட்டு அதே நூலில், அதே பாவில் தொடர்ந்து நெய்த முக்கால் மீட்டர் துணி. வெட்டி எடுத்தால்தான் அது தனி ரவிக்கைத் துணி. வெட்டும் வரை சேலையோடு சேர்ந்தே ஓடுகிறது. தனியாக வேறு துணி வைத்துக் கொடுத்தால் அதை ‘ரன்னிங்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் முதலில் சொன்ன ‘அறுபடாமல் தொடர்வது’ என்ற பொருளை இதைவிடத் தெளிவாக எந்த இலக்கணப் புத்தகமும் காட்டாது. விரலை வைத்து முந்தானையிலிருந்து கடைசி வரை இழுத்துக்கொண்டே போனார், எங்கேயும் தையல் தட்டுப்படவில்லை. “அடடா, இதுதானா!” என்றார் அந்த அக்கா.

துணியை, கம்பியை ‘ரன்னிங் மீட்டர்’ கணக்கில் விற்பதும் இதேதான். அகலத்தைப் பார்க்காமல் நீளவாக்கில் தொடர்ந்து அளப்பது.

விடுதியில் ‘ரன்னிங் ஹாட் வாட்டர்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். விருந்தாளி கேட்டால் எப்படி விளக்குவது?

குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், வாளியில் கொண்டுவந்து தர வேண்டியதில்லை என்று பொருள். ஏற்காட்டு மார்கழிக் குளிரில் அந்த வித்தியாசம் பெரிது. வாளியில் கொடுக்கிற விடுதி இதை எழுதக் கூடாது.

தண்ணீர் தொடர்பாக இன்னும் சிலவற்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். குழாயை மூடாமல் விட்டால் ‘தி டேப் இஸ் ரன்னிங்’. மூக்கு ஒழுகினால் ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’. பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது ‘ரன்னிங் நோஸ்’ என்பதைவிட ‘ரன்னி நோஸ்’ என்பதே வழக்கு. சாயப்பட்டறைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது: நாம் ‘சாயம் போகுது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது இரண்டு. நிறம் கரைந்து பக்கத்துத் துணியில் ஒட்டினால் ‘தி கலர் ரன்ஸ்’. வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்தால் ‘ஃபேட்ஸ்’. வெளியூர் வாங்குபவரிடம் இதை மாற்றிச் சொன்னால் வேறு குறையைச் சொன்னதாக ஆகிவிடும்.

‘ரன் அவுட்’ என்றால் கிரிக்கெட்டில் அவுட். ‘ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்’ என்றால்?

தீர்ந்துபோவது. தமிழில் “பெட்ரோல் தீர்ந்துபோச்சு” என்கிறோம். பெட்ரோல்தான் எழுவாய். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆள் எழுவாயாக வருவார்: ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்’. பெட்ரோலை வைத்துச் சொல்ல வேண்டுமானால் ‘தி பெட்ரோல் ஹேஸ் ரன் அவுட்’, இங்கே ‘ஆஃப்’ வராது. இந்த ‘ஆஃப்’ தான் எல்லோருக்கும் இடறுகிறது. ஆள் வந்தால் ‘ஆஃப்’ வரும், பொருள் வந்தால் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தீரவில்லை, குறைந்துகொண்டு வருகிறது என்றால் ‘ரன்னிங் லோ’. வேண்டிய அளவு இல்லை என்றால் ‘ரன்னிங் ஷார்ட்’. மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்திலேயே ‘வி ஆர் ரன்னிங் லோ’ என்று டிரைவர் சொல்லிவிட்டால், பதினைந்தாவது வளைவில் ‘வி ஹேவ் ரன் அவுட்’ என்று சொல்ல வேண்டி வராது.

‘ரன் இன்டு’, ‘ரன் ஓவர்’ இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறேன்.

இதில் மட்டும் மாறவே கூடாது. ‘ஐ ரேன் இன்டு மை ஃப்ரெண்ட் அட் தி பஸ் ஸ்டாண்ட்’ என்றால் நண்பனை எதேச்சையாகப் பார்த்தேன். ‘ஐ ரேன் ஓவர் மை ஃப்ரெண்ட்’ என்றால் நண்பன் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். ஒரு சிறிய சொல் மாறியதில் போலீஸ் வரை போகிற வித்தியாசம். ‘ரன் இன்டு’வுக்கே கூட இன்னொரு பொருள் உண்டு. பின்னால் மரம், சுவர், லாரி என்று வந்தால் மோதியது.

‘ரன் டவுன்’ என்பது பேட்டரி இறங்குவது, உடம்பு சோர்ந்திருப்பது, ஒருவரைக் குறைத்துப் பேசுவது என மூன்றுக்கும் வரும். ‘ரன் அவே’ ஓடிப்போவது. ‘ரன் த்ரூ’ ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிடுவது.

காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் ‘ரன்’ போடுகிறார்களே?

‘ஹி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் அவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. ‘டயபடீஸ் ரன்ஸ் இன் அவர் ஃபேமிலி’ என்றால் எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சர்க்கரை இருக்கிறது. மருத்துவமனையில் உதவும், இரண்டையும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

பவுண்டரி அடித்தால் யாரும் ஓடுவதில்லையே, ஏன் அதுவும் நாலு ‘ரன்’?

இரண்டு முனைக்கும் நடுவே ஓடிச் சேர்ப்பதால் வந்த பெயர், பிறகு கணக்கின் அலகாகவே ஆகிவிட்டது. இலங்கைத் தமிழில் ‘ஓட்டங்கள்’ என்றே எழுதுகிறார்கள், கேட்க அழகாக இருக்கும். பந்து வீசுகிறவர் ஓடி வருவது ‘ரன் அப்’. நம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானபோது, நம் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது அந்த ‘ரன் அப்’பைத்தான்.

தேர்தலில் ‘ரன்’ போடலாமா?

அமெரிக்காவில் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஸ்டேண்ட்’, நாமும் தேர்தலில் ‘நிற்கிறார்’ என்றுதான் சொல்கிறோம். நம் நாட்டுச் செய்தித்தாளில் ‘கன்டெஸ்ட்’.

‘ரன் ஆஃப் தி மில்’ என்றால் மில் ஓடுவதா?

இல்லை, ‘சாதாரணமான, விசேஷம் எதுவும் இல்லாத’ என்று பொருள். மில்லிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வரும் சரக்குக்கு வைத்த பெயர் பொதுப் பேச்சுக்கு வந்தது. சுரங்கத் தொழிலில் ‘ரன் ஆஃப் மைன்’ என்ற சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வெட்டி எடுத்து, இன்னும் பிரிக்காத கனிமம். சேலத்து மேக்னசைட் குன்றுகளில் வெட்டிய கல்லைத் தரம் பார்த்துப் பொறுக்குவதற்கு முன் உள்ள குவியலை நினைத்துக்கொண்டால் இந்தத் தொடர் மறக்காது.

நாம் ‘ஓடு’ என்று சொல்லும் எல்லா இடத்திலும் ‘ரன்’ போட்டுவிடலாமா?

கூடாது. அதிகத் தவறு நடப்பது இந்தத் திசையில்தான். “எனக்கு ஒண்ணுமே ஓடல” என்பதை ‘நத்திங் இஸ் ரன்னிங்’ என்றால் யாருக்கும் புரியாது. ‘மை மைண்ட் இஸ் பிளாங்க்’ என்று சொல்ல வேண்டும். “சும்மா ஓட்டாதடா” என்றால் கிண்டல் செய்யாதே, அதற்கு ‘டீஸ்’. “வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?” என்பதற்கு ‘ஹவ் மெனி கிலோமீட்டர்ஸ் ஹேஸ் இட் டன்?’ “ஏதோ ஓடுது” என்று வாழ்க்கையைப் பற்றிச் சொன்னால் ‘கெட்டிங் பை’.

“கடை நல்லா ஓடுது” என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் சொல்வது வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று. அது ‘தி ஷாப் இஸ் டூயிங் வெல்’. ‘தி ஷாப் இஸ் வெல் ரன்’ என்றால் நிர்வாகம் நன்றாக இருக்கிறது என்று பொருள். நிர்வாகம் நன்றாக இருந்தும் வியாபாரம் படுத்துப்போன கடைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

வயதும் அப்படித்தான். “24 முடிஞ்சு 25 நடக்குது” என்பதை ‘25 ரன்னிங்’ என்று விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். ‘24’ என்று மட்டும் எழுதினால் போதும்.

எதிர்பாராமல் பொருந்திவிடுவதும் உண்டு. “அந்தப் பாட்டு மனசுக்குள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கு” என்பது ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அப்படியே: ‘தட் சாங் கீப்ஸ் ரன்னிங் த்ரூ மை ஹெட்’.

‘ஐ ஹேவ் ரேன்’ சரியா, ‘ஐ ஹேவ் ரன்’ சரியா?

‘ஐ ஹேவ் ரன்’. ரன், ரேன், ரன். கம், கேம், கம் என்பதும் இதே மாதிரிதான், சேர்த்துப் படியுங்கள்.

என் மகள் பள்ளியில் ‘என் வீட்டுத் தொழில்’ பற்றிப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் விசைத்தறி. ‘ரன்’ வைத்துச் சில வரிகள் சொல்லித் தர முடியுமா?

கட்டாயம். மகள் தறிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் கையால் காட்டிக்கொண்டே சொல்லிப் பழகட்டும்.

‘மை மதர் ரன்ஸ் ஃபோர் லூம்ஸ்.’ அம்மா நாலு தறி ஓட்டுகிறார். ‘தி லூம்ஸ் ரன் ஆன் எலக்ட்ரிசிட்டி.’ தறிகள் கரண்டில் ஓடுகின்றன. ‘தி வார்ப் ரன்ஸ் லெங்த்வைஸ் அண்ட் தி வெஃப்ட் ரன்ஸ் அக்ராஸ்.’ பாவு நீளவாக்கில் ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது. இந்த வரியைச் சொல்லும்போது பாவின் மேல் விரலை நீளமாக இழுத்துக் காட்டட்டும், பிறகு குறுக்கே. ‘வென் வி ரன் அவுட் ஆஃப் யார்ன், மை ஃபாதர் பிரிங்ஸ் மோர்.’ நூல் தீர்ந்தால் அப்பா வாங்கி வருகிறார். ‘வென் தேர் இஸ் எ பவர் கட், தி லூம்ஸ் டோன்ட் ரன்.’ கரண்ட் போனால் தறி ஓடாது.

கடைசி வரியில் ‘டோன்ட் ரன்’ என்பது எப்போதும் நடப்பது, “ஓடாது”. இந்த நிமிடம் கரண்ட் இல்லாமல் தறி நின்றிருந்தால் ‘தி லூம்ஸ் ஆரன்ட் ரன்னிங்’, “ஓடல”. “ஓடாது”, “ஓடல” இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தறி வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை, சத்தம் நின்றாலே தெரிந்துவிடும்.